பத்தாயம் உடைந்தால்: புற்றுநோய் இம்யூனோதெரபியும் தைராய்டும்

சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. நாகர்கோவிலில் அந்த நேரத்துக்குத் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். மாமாவைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தேன். கழுத்துவரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தவர், "லே மக்கா, அந்த ஃபேன நிறுத்து" என்றார். நிறுத்தினேன். எனக்கு முதுகில் வியர்வை ஓடுகிறது. அவர் இன்னும் காலைச் சுருட்டிக்கொள்கிறார்.

மாமா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று "மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை" என்று அவர் கூப்பிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். அந்தக் குரல் அன்று நனைந்த மேளம் மாதிரி இருந்தது. முகம் உப்பியிருந்தது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமெடுத்தது. மாமி சொன்னாள்: "கீமோ போட்டா அப்படித்தான் இருக்கும்ணு எல்லாரும் சொல்லுதாவ."

மாமாவுக்குப் போட்டது கீமோ இல்லை, இம்யூனோதெரபி. அந்தச் சோர்வும் புற்றுநோய்ச் சோர்வு இல்லை, தைராய்டு. நான் தக்கலைப் பக்கம் மருந்துக்கடையில் பதினெட்டு வருஷமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன்; தைராய்டு மாத்திரை டப்பாவைத் தினமும் இருபது பேருக்காவது எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இம்யூனோதெரபி என்றால் என்ன?

ஆஸ்பத்திரியில் டிரிப் போட்டால் நம் ஊரில் எல்லாமே கீமோதான். ஆனால் இரண்டும் வேறு. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை நேராகத் தாக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. இம்யூனோதெரபி மருந்து புற்றுநோய் செல்லைத் தானாகக் கொல்வதில்லை. அது நம் உடம்பிலுள்ள டி செல்கள் என்ற காவல் செல்களை ஏவி விடுகிறது.

எப்படி ஏவுகிறது என்பதற்கு சுசீந்திரம் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து பேர்தான். முட்டுக்கட்டை இல்லாவிட்டால் தேர் மூலை திரும்பாது, நேராகப் போய்க் கடைத் திண்ணையில் ஏறும். டி செல்லிலும் முட்டுக்கட்டை போடுவதற்கென்றே சில இடங்கள் உண்டு. பி.டி-1 என்பது ஓர் இடம், சி.டி.எல்.ஏ-4 இன்னொன்று. சொந்த உடம்பின் திசுக்களை டி செல் தாக்கிவிடாமல் இருக்க உடம்பு செய்துவைத்த ஏற்பாடு இது.

புற்றுநோய் செல் தந்திரக்காரன். அதுவும் பி.டி-எல்1 என்ற கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னைத் தேடி வரும் டி செல்லுக்கு முட்டுப் போட்டுவிடுகிறது. தேர் அங்கேயே நிற்கும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் டி செல்லில் கட்டை போடும் இடத்தை மூடிவிடும். அட்டிசோலிசுமாப், துர்வாலுமாப் புற்றுநோயின் கையிலிருக்கும் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். இபிலிமுமாப் சி.டி.எல்.ஏ-4 பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். இவற்றில் முதலில் வந்தது இபிலிமுமாப், அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. இந்த முட்டுக்கட்டைகளைக் கண்டு விளங்கிக்கொண்டதற்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், வாய், தொண்டை, தோலில் வரும் மெலனோமா என்று பல புற்றுநோய்களுக்கு இப்போது இவற்றைக் கொடுக்கிறார்கள். வாய்ப்புற்று நம் மாவட்டத்துக்குப் பழைய பழக்கம். வெற்றிலை போடுகிற திருவிதாங்கூர்க்காரர்களின் வாய்ப்புற்று பற்றி நெய்யூரில் வேலை பார்த்த ஓர் (Orr) என்ற மருத்துவர் 1933-லேயே எழுதியிருக்கிறார். முழு டோஸ் ஊசி ஒன்று லட்சத்தைத் தாண்டியதால், மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்களுக்கு நிவோலுமாபை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு 240. அந்தச் சின்ன அளவுக்கே பலன் இருந்தது. இந்த ஊசி இனிமேல் பணக்காரர்களுக்கு மட்டுமானதாக இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முட்டுக்கட்டையை எடுத்தால் தேர் புற்றுநோயை நோக்கி மட்டுமா போகும்? வழியில் உள்ள திண்ணைகளிலும் இடிக்கும். தோல், குடல், ஈரல், நுரையீரல், மூட்டு என எங்கே வேண்டுமானாலும் வீக்கம் வரலாம். அடிக்கடி இடிபடும் திண்ணைகளில் ஒன்று தைராய்டு.

பத்தாயத்தில் நடப்பது

"எனக்குத் தைராய்டு இருக்கு" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருபது கிராம்கூட இல்லாத சின்னச் சுரப்பி. உடம்பின் அடுப்பை எவ்வளவு எரியவிட வேண்டும் என்று முடிவு செய்யும் ஹார்மோன் இங்கிருந்துதான் வருகிறது. இதயத் துடிப்பு, உடம்புச் சூடு, குடல் அசைவு, மூளையின் சுறுசுறுப்பு எல்லாம் இதன் பொறுப்பு.

இந்தச் சுரப்பிக்கு மற்ற சுரப்பிகளுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. செய்த ஹார்மோனை அன்றன்றே செலவழிக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதைச் செய்து உள்ளே சேர்த்து வைத்திருக்கும். நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் பத்தாயம் பார்த்திருப்பீர்கள். அறுத்த நெல்லை அதில் கொட்டி வைத்து, கீழே உள்ள சின்ன வாய் வழியாக அன்றாடத்துக்கு வேண்டியதை மட்டும் எடுப்பார்கள். தைராய்டு ஒரு பத்தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏவிவிட்ட டி செல்கள் தைராய்டில் இடிக்கும்போது பத்தாயத்தின் பலகை உடைகிறது. உடனே என்ன நடக்கும்? நெல் இல்லாமலா போகும்? இல்லை, வீடு முழுக்க நெல்லாகக் கொட்டும். சேர்த்து வைத்த ஹார்மோன் மொத்தமாக ரத்தத்தில் கலக்கிறது. முதல் கட்டம் இது. பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது, சாப்பிட்டாலும் எடை இறங்கும். சிலருக்கு எதுவுமே தெரியாது. ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியும்.

சில வாரங்கள் கழித்து கொட்டிய நெல் தீர்ந்துபோகும். பத்தாயமோ உடைந்து கிடக்கிறது, வயலும் பாழாகிவிட்டது. இப்போது இரண்டாம் கட்டம், ஹார்மோன் பற்றாக்குறை. உடம்பின் அடுப்பு அணைகிறது. குளிர், அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், உப்பிய முகம், கனத்த குரல், மெதுவான நாடி, மறதி. மாமாவின் சித்திரை மாதப் போர்வை இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. சிலருக்கு முதல் கட்டம் கண்ணில் படாமலே கடந்துபோய், நேராக இரண்டாவதில் வந்து நிற்பார்கள். ஒரு சிலருக்குச் சுரப்பி தானாகத் தேறிவிடும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் குறைபாடு நிரந்தரம்.

மாமாவுக்கு இரண்டு கட்டமும் பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி வந்தது. சிறுநீரகப் புற்று, ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகும் எலும்பில் பரவியிருந்ததால் தை மாதம் இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துத் தொடங்கினார்கள். இரண்டாவது டோஸ் முடிந்து இரண்டு வாரம் இருக்கும், காலையில் சாயா கிளாஸைப் பிடிக்க முடியாமல் வேட்டியில் கொட்டிக்கொண்டார். நாடி 112. எடை நாலு கிலோ குறைந்திருந்தது. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் காட்டினோம். ரத்தம் பார்த்து, "தைராய்டு கூடியிருக்கு" என்று கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் சாப்பிட்டார்.

அந்த மாத்திரை அவருக்குத் தேவையே இல்லை. கார்பிமசோல் தைராய்டு ஹார்மோன் உற்பத்தியை நிறுத்தும் மருந்து. பத்தாயம் உடைந்து நெல் கொட்டும்போது வயலில் விதைப்பை நிறுத்தச் சொல்வது போல. கொட்டுவது நிற்காது. ஆனால் கிளினிக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, மாமா பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஏறும் ஊசி அவர் கணக்கில் மருந்தே இல்லை, அது "டிரீட்மெண்ட்". பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை.

டி.எஸ்.எச் ரிப்போர்ட்டைப் படிப்பது

தைராய்டு ரிப்போர்ட்டில் எல்லோரையும் குழப்புவது டி.எஸ்.எச். எண் கூடினால் தைராய்டு கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. டி.எஸ்.எச் தைராய்டிலிருந்து வருவது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. பிட்யூட்டரியை வீட்டின் பெரியம்மா என்று வையுங்கள். பத்தாயத்தில் நெல் குறைந்தால் "நெல் எங்கலே?" என்று சத்தம் போடுவாள். சத்தம்தான் டி.எஸ்.எச். நெல் நிறைந்து கிடந்தால் அவள் வாயே திறக்க மாட்டாள்.

ஆக, முதல் கட்டத்தில் டி.எஸ்.எச் குறைவு, ஃப்ரீ டி4 என்ற ஹார்மோன் அளவு அதிகம். இரண்டாம் கட்டத்தில் டி.எஸ்.எச் அதிகம், ஃப்ரீ டி4 குறைவு. டி.எஸ்.எச் சாதாரணமாக 0.4-இலிருந்து 4 சொச்சம்வரை இருக்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். மாமாவுக்கு மாசிக் கடைசியில் 0.03, சித்திரையில் 62.

நடுவில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. பெரியம்மா கொஞ்சம் மந்தம். நெல் தீர்ந்த பிறகும் அவள் சத்தம் போட ஆரம்பிக்கச் சில வாரம் ஆகும். முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழியில் டி.எஸ்.எச் "நார்மல்" என்றே வரலாம், ஹார்மோன் ஏற்கனவே தரை தட்டியிருக்கலாம். அதனால் டி.எஸ்.எச் மட்டும் பார்த்தால் போதாது, ஃப்ரீ டி4-உம் சேர்த்துப் பார்க்க வேண்டும். செலவு மிச்சம் என்று ஒன்றை மட்டும் எழுதும் வழக்கம் மற்றவர்களுக்குச் சரி, இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்குச் சரிப்படாது.

முடி கொட்டாமலிருக்க பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்த ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெரிய அளவு பயோட்டின் சில லேப் மெஷின்களை ஏமாற்றி, டி.எஸ்.எச்-ஐக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிடச் சொல்வார்கள். என் கடையில் வைட்டமின் என்ற பெயரில் அது போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் அதை மருந்தாகச் சொல்வதில்லை.

இரண்டுமே குறைந்திருந்தால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஃப்ரீ டி4 குறைவு, ஆனால் டி.எஸ்.எச்-உம் குறைவு அல்லது நார்மல். நெல் இல்லை, பெரியம்மாவும் கத்தவில்லை. அப்படியென்றால் பெரியம்மாவுக்கே உடம்பு சரியில்லை. இம்யூனோதெரபி பிட்யூட்டரியையும் வீங்க வைக்கும்; இபிலிமுமாப் சேர்ந்த சிகிச்சையில் இது அதிகம். பிட்யூட்டரி தைராய்டை மட்டும் கவனிப்பதில்லை, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியையும் அதுதான் வேலை வாங்குகிறது. அட்ரினல் செய்யும் கார்ட்டிசால் உயிர் காக்கும் ஹார்மோன். கார்ட்டிசால் இல்லாத உடம்புக்குத் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால், உடம்பின் அடுப்பு எரிய ஆரம்பித்ததும் இருக்கிற கொஞ்ச கார்ட்டிசாலும் தீர்ந்து, பிரஷர் படுத்து, ஆள் அபாயத்துக்குப் போகலாம். அதனால் காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால் பரிசோதனை. குறைவாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு, அதற்கு அப்புறம்தான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறக் கூடாது.

ஓயாத தலைவலி, விடாத வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், சோடியம் குறைவு என்று ரிப்போர்ட் — இவையெல்லாம் சேர்ந்து வந்தால் தைராய்டு என்று எண்ணி வீட்டில் இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. ஆள் குழம்பிப் பேசுவது, எழுப்ப முடியாத தூக்கம், உடம்பு சில்லிடுவது, இவையும் அப்படித்தான். பேதியை முதல் கட்டத்துத் தைராய்டில் போட்டு மறந்துவிடவும் கூடாது. இதே மருந்து குடலையும் வீங்க வைக்கும், அதற்கு வைத்தியம் வேறு. திடீரென்று தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால் சுகர் பார்க்க வேண்டும். அரிதுதான், ஆனால் கணையமும் இடிபடும் திண்ணைகளில் ஒன்று.

மாமாவின் கார்ட்டிசால் நன்றாக இருந்தது. ரிப்போர்ட் வரும்வரை எனக்குத்தான் தூக்கமில்லை.

"கழுத்துக்குப் பரவிட்டா?"

புற்றுநோய் ஆள் வீட்டில் பெட் ஸ்கேன் ரிப்போர்ட் வரும் நாள் ஒரு பரீட்சை ரிசல்ட் நாள். படம் வெளிச்சம் போட்டுக் காட்டினால் புற்று என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். மாமாவின் ஸ்கேனில் எலும்பு அமைதியாக இருந்தது, ஆனால் கழுத்தில் தைராய்டு முழுக்கப் பட்டாம்பூச்சி வடிவத்தில் எரிந்தது. மாமி அந்தப் படத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெட் ஸ்கேன் காட்டுவது புற்றை அல்ல, சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தை. வீக்கம் உள்ள திசுவும், அங்கே கூடியிருக்கும் டி செல்களும் சர்க்கரையை இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சுரப்பி முழுக்கப் பரவலாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் தைராய்டு வீக்கம். ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாகத் தெரிந்தால் அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ஸ்கேன் படித்தவரே அதை எழுதியிருப்பார். இந்த வித்தியாசத்தை முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் மாமிக்கு இரண்டு நாள் சோறு இறங்கியிருக்கும்.

யாருக்கு வரும்

மருந்துச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கில், பி.டி-1 மருந்து மட்டும் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேருக்குத் தைராய்டு குறைபாடு வருகிறது. இபிலிமுமாபும் சேர்ந்தால் பதின்மூன்று பேர்வரை. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் முன்பிருந்தே சத்தமில்லாமல் இருப்பவர்களுக்கும் அதிகம். ஏற்கனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "எனக்குத்தான் முன்னாலேயே இருக்கே" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், அவர்களுக்கு மாத்திரை அளவு கூட்ட வேண்டி வரலாம்.

கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு அதனாலேயே மெல்ல மெல்லத் தைராய்டு குறையும், சில வருஷம் கழித்துக்கூட. சிறுநீரகப் புற்றுக்குக் கொடுக்கும் சுனிட்டினிப், லென்வாட்டினிப் மாதிரி மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். இம்யூனோதெரபியோடு இவையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

தைராய்டு கெட்டால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா? கடைக்கு வந்த ஒருவர் நம்பிக்கையோடு கேட்டார். தைராய்டு பாதித்தவர்களுக்குப் புற்றுநோய் நன்றாகக் கட்டுப்பட்டதாகச் சில ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் அதிக நாள் இருந்து அதிக ஊசி போட்டுக்கொண்டவருக்குத் தைராய்டு கெடவும் அதிக அவகாசம் கிடைக்கும் இல்லையா? எது முன்னே எது பின்னே என்று பிரிப்பது லேசில்லை. தைராய்டு கெடாத எத்தனையோ பேருக்கு மருந்து அருமையாகக் கேட்டிருக்கிறது. இதை ஜாதகம் மாதிரிப் பார்க்க வேண்டாம்.

வைத்தியம்

முதல் கட்டத்துக்குப் பெரிய வைத்தியம் இல்லை, காத்திருப்புதான். படபடப்பும் நடுக்கமும் தொல்லை கொடுத்தால் புரோப்ரனலால், அட்டினலால் மாதிரி மாத்திரைகளைக் கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். வாரங்கள் கடந்தும் ஹார்மோன் இறங்கவில்லை என்றால் மட்டும், சுரப்பி உண்மையாகவே அதிகமாகச் செய்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். அது அரிது, அப்படி இருந்தால்தான் கார்பிமசோலுக்கு வேலை. இம்யூனோதெரபியின் மற்றப் பக்கவிளைவுகள் பலவற்றுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். தைராய்டுக்கு மட்டும் வந்த பாதிப்புக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது, கொடுத்தாலும் சுரப்பி காப்பாற்றப்படுவதில்லை.

இரண்டாம் கட்டத்துக்குத் தைராக்ஸின் மாத்திரை. உடம்பு செய்ய வேண்டிய அதே ஹார்மோன்தான், வெளியிலிருந்து போகிறது. முழு அளவு என்பது எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம். மாமா 64 கிலோ. பெருக்கினால் நூறு சொச்சம். ஆனால் வயது 67 என்பதால் 50-இல் தொடங்கினார்கள். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் எடுத்தவுடனே முழு அளவு கொடுத்தால் இதயம் தாங்காது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அளவைக் கூட்டுவார்கள். ஏன் இவ்வளவு நாள் என்றால், இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். புது அளவு நிலைபெற ஐந்தாறு வாரம் வேண்டும். பத்து நாளில் "ஒண்ணும் தெரியலையே" என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

பெரும்பாலும் இதற்காக இம்யூனோதெரபியை நிறுத்துவதில்லை. ஆள் ரொம்பத் தளர்ந்திருந்தால் ஒரு டோஸைத் தள்ளிப் போடலாம், மாத்திரை பிடித்ததும் தொடர்வார்கள். லட்ச ரூபாய் ஊசியின் பக்கவிளைவை ஒரு சாயாவின் விலைகூட வராத அன்றாட மாத்திரை சமாளிக்கிறது. இம்யூனோதெரபியின் பக்கவிளைவுகளில் இவ்வளவு மலிவாகத் தீர்வது வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஊசியை நாமாக நிறுத்திவிட்டால்கூட உடைந்த பத்தாயம் திரும்ப எழும்பாது என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். "அந்த ஊசியே வேண்டாம்" என்று மாமி ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தாள்.

மாத்திரை டப்பா

கடைக்காரன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். தைராக்ஸின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சாயாகூட ஆகாது. இரும்புச்சத்து, கால்சியம், நெஞ்செரிச்சல் மருந்து எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. புற்றுநோய்க்காரர்கள் பலருக்கு இரும்பும் கால்சியமும் எழுதியிருப்பார்கள். காலையில் எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கினால் தைராக்ஸின் பாதி வீணாகப் போகும்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் வெட்டுக்காரர் ஒருவர். மனைவிக்கு நுரையீரல் புற்று, பெம்ப்ரோலிசுமாப். இரண்டு பேரும் விடிய மூன்று மணிக்கு எழுந்து, கட்டஞ்சாயா குடித்துவிட்டுத்தான் தலைவிளக்கைக் கட்டுவார்கள். அது நாற்பது வருஷப் பழக்கம், வியாதிக்காக மாறவில்லை. மனைவிக்குத் தைராக்ஸின் எழுதி நாலு மாதமாகியும் டி.எஸ்.எச் இறங்கவில்லை. டாக்டரிடம் கேட்டு, ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது என்று மாற்றினார்கள். அடுத்த ரிப்போர்ட்டில் இறங்கிவிட்டது. அளவு அதேதான், நேரம்தான் மாறியது.

டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இடவப்பாதி மழையில் நம் ஊரில் உப்பே கரைகிறது. இந்த மாத்திரைக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. அடுப்படி ஜன்னலில் வைக்க வேண்டாம். 25, 50, 75, 88, 100 என்று பல அளவுகளில் வருவதால், வாங்கும்போது எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை.

மரச்சீனி, அயோடின், மணல்

தைராய்டு என்றாலே "மரச்சீனியை விடணுமா?" என்பதுதான் குமரி மாவட்டத்தின் முதல் கேள்வி. மரச்சீனியில், அதாவது மரவள்ளிக் கிழங்கில், உள்ள ஒரு பொருள் உடம்பில் மாறி, தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும் என்பது உண்மைதான். அயோடின் குறைவான ஊரில், அதுவே மூன்று வேளைச் சோறாக இருந்தால் அது பிரச்சினை. இங்கே நடந்திருப்பது அயோடின் பஞ்சம் அல்ல, பத்தாயமே உடைந்தது. வேகவைத்துத் தண்ணீரை வடித்த மரச்சீனியும் சாளைக்கறியும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதே காரணத்தால் அயோடின் சொட்டு மருந்து, கடல்பாசி மாத்திரை என்று யாராவது விற்றால் வாங்கவும் வேண்டாம்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிரியக்க மணலால் வந்ததா என்று இன்னொரு கேள்வி. மணலைப் பற்றித் தனியாகப் பேசலாம். ஊசி தொடங்கிய இரண்டாம் மாதத்தில் படபடப்பும் நாலாம் மாதத்தில் குளிரும் வந்தால், அது மணல் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

நம் மாவட்டத்துப் புற்றுநோயாளிகளில் பலருக்கு வைத்தியம் திருவனந்தபுரத்தில். 1981-இலிருந்து அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர்தான். காலை ரயிலில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். ஆனால் ஊசி அங்கே, காய்ச்சலுக்கு டாக்டர் இங்கே, பிரஷருக்கு ஆசாரிப்பள்ளத்தில் ஒருவர், பல்லுக்கு மார்த்தாண்டத்தில் ஒருவர். ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியாது. எங்களுக்கு நேர்ந்ததும் இதனால்தான்.

அதனால் ஊசி மருந்தின் பெயரை ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தொடங்கிய தேதியையும் போட்டு, பர்ஸில் ஆதார் கார்டோடு வையுங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு தைராய்டு பரிசோதனை. அப்புறம் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. உள்ளூரில் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோகலாம், எப்போதும் ஒரே லேபில் பாருங்கள். ஊசி முடிந்த பிறகும் அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்துகள் ரத்தத்தில் பாதியாகவே மூன்று நாலு வாரம் எடுக்கும், டி செல்லின் மேல் அவற்றின் பிடி அதற்கும் அதிக நாள் இருக்கும். நிறுத்திச் சில மாதம் கழித்தும் பக்கவிளைவு தலைகாட்டியிருக்கிறது.

மாமாவுக்கு இப்போது 88 மைக்ரோகிராம் மாத்திரை. நடுவில் நூறு கொடுத்து கொஞ்சம் கூடிப்போனதால் குறைத்தார்கள். போன வாரம் கடைக்கு வந்து, கவுண்டருக்கு வெளியே நின்று "தைராக்ஸின் 88, ஒரு டப்பா!" என்று கூப்பிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.